நான் இங்கேதான் நிற்கிறேன்

(சித்திரைப் புத்தாண்டு விழாவில் ஆற்றிய உரை)



"நீ எந்த இடம்?" எண்டு எங்களிட்டைக் கேட்ட அளவுக்கு வேறை ஆரிட்டையும் கேட்டிருக்க மாட்டினம். சென்ரியில் அடையாள அட்டை காட்டினோம். விதானையாரிடம் கடிதம் வாங்கினோம். அவை நாங்கள் ஆர், எந்த ஊர் என்று சொல்லின. இந்த நிமிடம் எங்கே நிற்கிறோம் என்று சொல்லவில்லை. இன்றைக்கு, "பாங்கிலிருந்து கதைக்கிறேன்" என்று ரெலிபோன் எடுப்பவன் உண்மையில் எங்கே நிற்கிறான்? ரெலிபோன் காட்டும் இடத்தையும் மாற்றிக் காட்டலாம்.

இதற்குப் பௌதிகம் ஒரு வழி தேடுகிறது. ஒளியை முந்தி எந்தச் செய்தியும் போகாது. ஒரு செக்கனின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கில் ஒளி ஏறக்குறைய 300 மீற்றர்தான் போகும். உங்களுக்கு இரு பக்கமும் நிற்கும் இருவர், ஒரு கேள்வியை இரண்டு பாதியாக அனுப்புகிறார்கள். இரண்டும் நீங்கள் சொன்ன இடத்தில் ஒரே நேரத்தில் சந்திக்கும். அங்கே நிற்பவரால்தான் இரு பக்கத்துக்கும் நேரத்துக்குப் பதில் அனுப்ப முடியும்.

ஆனால் இடையில் இரண்டு கள்ளர் நின்று, பாதிகளைப் பிரதி எடுத்து மாற்றிக்கொண்டால்? நடுவில் ஆளே தேவையில்லை! சாதாரணச் செய்திகளை மட்டும் வைத்து இதைத் தடுக்க முடியாது என்று 2009இல் நிஷாந்த் சந்திரன், விபுல் கோயல் உட்பட நால்வர் நிறுவினார்கள்.

இங்கேதான் குவாண்டம் வருகிறது. நிலை தெரியாத ஓர் ஒளித்துணிக்கையைப் பிரதி எடுக்க முடியாது என்பது 1982இல் நிறுவப்பட்டது. ஒரு பாதியை அப்படியான துணிக்கையாக அனுப்பினால், கள்ளன் ஒன்றில் வைத்திருக்கலாம், அல்லது அனுப்பலாம். இரண்டும் செய்ய ஏலாது. இப்படியான ஒரு முறைக்கு, எங்கள் பாலோ ஆல்ட்டோவில் தலைமையகம் வைத்திருந்த எச்.பி. கம்பனி 2006இலேயே காப்புரிமை பெற்றது.

இதிலும் ஓட்டை உண்டு. கள்ளர் தங்களுக்குள் குவாண்டம் பிணைப்புள்ள துணிக்கைகளைப் போதிய அளவு முன்கூட்டியே பகிர்ந்திருந்தால், இந்த வகைத் திட்டம் எதையும் உடைக்கலாம் என்று 2010இல் சந்திரனும் வேறு அறுவரும் காட்டினார்கள். எல்லாத் திட்டத்தையும் உடைக்கத் தெரிந்த வழிக்கு அந்தப் பிணைப்பு மலையளவு வேண்டும். அதுதான் இப்போதைக்குள்ள காவல்.

எனக்குப் பிடித்தது வேறொன்று. நீங்கள் பதில் சொன்னால்தான் இது வேலை செய்யும். ஒளிந்திருப்பவரைத் தேடிப் பிடிக்காது. ஆனால் பதில் சொல்லக் கட்டாயப்படுத்தும் அதிகாரம் வந்தால், இதுவும் இன்னொரு சென்ரிதான். பௌதிகம் படிக்கிற எங்கடை பிள்ளைகள் கணக்கோடு இதையும் யோசிக்க வேணும்: கேட்கிற உரிமை ஆருக்கு?

அதுவரை, அந்த "பாங்க்" ரெலிபோனை வைத்துவிட்டு, அட்டையில் உள்ள இலக்கத்துக்கு நீங்களே எடுங்கோ.

எல்லோருக்கும் புத்தாண்டு வாழ்த்துகள்.