வழிகாட்டுபவரின் வழிபாடு

மக்களுக்கு வழிகாட்டும் பொறுப்பே ஒரு சமயத் தலைவரின் சொந்த வழிபாட்டு நேரத்தை விழுங்கிவிடக்கூடும். 12-ஆம் நூற்றாண்டில் இந்த ஆபத்தை எடுத்துச் சொன்னவர் பிரான்ஸ் நாட்டுத் துறவி புனித பெர்னார்டு. அவருடைய சீடர் ஒருவர் 1145-இல் மூன்றாம் யூஜின் என்ற பெயரில் திருத்தந்தை ஆனார். வழக்குகளும் நிர்வாகமும் அவரைச் சூழ்ந்தன. ஓயாத அலுவல் நெஞ்சை இறுக்கிவிடும் என்று எச்சரித்து, பெர்னார்டு அவருக்காகவே 5 பகுதிகள் கொண்ட நூலை எழுதினார். நேரம் ஒதுக்கித் தன்னையும், தனக்குக் கீழும் சுற்றிலும் மேலும் உள்ளவற்றையும் ஆழ்ந்து எண்ண வேண்டும் என்பதே அதன் அறிவுரை.

இன்றும் கத்தோலிக்கக் குருக்கள் திருப்புகழ்மாலை என்னும் செபத் தொகுப்பை நாள்தோறும் செபிப்பதை 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பு கடமையாக்கியுள்ளது. தலைவரின் சொல்லுக்கு உயிர் தருவது இத்தகைய இடைவிடாத பயிற்சியே.