ஊழியரா? எஜமானரா?



கிறிஸ்தவ சபைகளில் தலைமை என்பது ஊழியமா, அதிகாரமா என்பதுதான் இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம். அம்மதத்தைத் தூஷிக்க நான் வரவில்லை. அவர்கள் வைத்திருக்கும் படியைக் கொண்டே அவர்கள் நெல்லை அளந்து பார்ப்போம் என்றுதான் வந்திருக்கிறேன்.

இயேசு தம் சீஷர்களின் கால்களைக் கழுவினார் என்றும், அரசர்கள் ஜனங்களை அடக்கியாளுவதுபோல் நீங்கள் செய்யலாகாது என்று புத்தி சொன்னார் என்றும் சுவிசேஷங்கள் கூறுகின்றன. சரி, பிறகு நடந்ததென்ன?

590 முதல் 604 வரை ரோமாபுரியில் போப்பாயிருந்த முதலாம் கிரிகோரி, தம்மைக் கடவுளின் ஊழியர்களுக்கு ஊழியன் என்று எழுதிக்கொண்டார். அந்தப் பட்டம் இன்றும் போப்புகளுக்கு இருக்கிறது. ஆனால் அதே பீடத்திலிருந்த ஏழாம் கிரிகோரி, மன்னிப்புக் கேட்க வந்த ஜெர்மனி அரசன் நான்காம் ஹென்றியை 1077-ல் கனோசா கோட்டை வாயிலில் மூன்று நாள் குளிரில் நிற்க வைத்தார். எட்டாம் போனிபாஸ் 1302-ல், போப்புக்குக் கீழ்ப்படியாதவனுக்கு மோக்ஷமே இல்லையென்று சாசனம் போட்டார். 1870-ல் வாத்திக்கன் மகாசபையானது, விசுவாசத்தையும் ஒழுக்கத்தையும் பற்றிப் போப் தம் பீடத்தின் பேரால் முடிவாய்ச் சொல்லும் தீர்ப்பு தவறாது என்று விதித்தது. எஜமானன் தவறுவான், வேலைக்காரன் தவறமாட்டான் என்றால், தோழர்களே, இவன் எந்த ஊர் வேலைக்காரன்?

நல்லதையும் மறைக்கக் கூடாது. ஆறாம் பவுல் 1964-ல் மூன்றடுக்குக் கிரீடத்தைக் கழற்றி வைத்தார். பிரான்சிஸ் 2013-ல் ரோமாபுரிச் சிறுவர் சிறையில் கைதிகளின் கால்களைக் கழுவி முத்தமிட்டார். மெச்சத்தக்க காரியங்களே. ஆனால் கால் கழுவுவது வருஷத்தில் ஒரு நாள்; கணக்குக் கேட்க வேண்டியதோ தினந்தோறும். 1983-ம் வருஷத்துச் சபைச் சட்டமோ, ரோமாபுரிப் பீடத்தை எவரும் விசாரிக்க முடியாதென்றே சொல்லுகிறது.

விசாரிக்க முடியாத ஊழியத்தின் பலனென்ன? 2002-ல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், குழந்தைகளைக் கெடுத்த பாதிரிகளைப் போலீசில் ஒப்புவிக்காமல் மேலதிகாரிகள் கோவிலுக்குக் கோவில் மாற்றி வந்தது பத்திரிகையால் வெளிப்பட்டது. அந்நகர்க் கர்தினால் பெர்னார்ட் லா அவ்வருஷமே பதவி விலகினார். 2004-ல் அவருக்கு ரோமாபுரியின் பெரிய கோவிலொன்றில் தலைமை ஸ்தானம் கிடைத்தது. அக்குழந்தைகளைப் பெற்றவர்களின் சம்மதத்தை யாராவது கேட்டார்களா?

வேறு வழியே இல்லையா என்பீர்கள். உண்டு. ஸ்காட்லாந்தில் ஜமீன்தார் நியமித்த குருவை ஜனங்கள் ஏற்றே தீரவேண்டுமென்ற நிலை இருந்தது. குருவை ஒப்புவதும் தள்ளுவதும் சபையாரின் உரிமையென்று சொல்லி, 1843-ல் நானூறுக்கு மேற்பட்ட குருமார்கள் வீட்டையும் சம்பளத்தையும் உதறிவிட்டு வெளியேறித் தனிச்சபை கண்டார்கள். அவர்களும் கிறிஸ்தவர்களே, படிப்பதும் அதே வேதமே.

ஆகையால், தோழர்களே, ஒருவர் தம்மை ஊழியர் என்றால் உடனே கும்பிடாதீர்கள். மூன்று கேள்வி கேளுங்கள்: உம்மிடம் கணக்குக் கேட்கலாமா? உம்மை எதிர்த்துப் பேசலாமா? வேண்டாமென்றால் உம்மை விலக்கலாமா? மூன்றுக்கும் ஆம் என்பவரே ஊழியர். மற்றவர் எந்த உடுப்பு உடுத்தினாலும் எஜமானரே. இக்கேள்விகளைப் பாதிரியாரிடம் மட்டுமல்ல, நம்மைப்போல் மேடையேறுகிறவர்களிடமும் கேட்க வேண்டுமென்று சொல்லி இத்துடன் முடித்துக்கொள்ளுகிறேன்.