பள்ளிப்படையும் தீட்டும்

தோழர்களே, சாவு தீட்டு, குழி வெட்டிப் பறையடிக்கும் நாமும் தீட்டு என்று சொல்லித்தானே நம்மைக் கோயில் வாசலில் நிறுத்தினார்கள்? கோயிலுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பார்ப்போம்.

வேலூர் பக்கம் மேல்பாடியில் சோழேச்சரம் இருக்கிறது. ஆற்றூரில் இறந்த தன் பாட்டன் அரிஞ்சயனுக்கு முதலாம் ராஜராஜன் எழுப்பிய பள்ளிப்படை அது. நாம் கட்டிய கதையல்ல, கல்வெட்டே சொல்கிறது. அரசனின் சமாதி சிவன் கோயிலானது. எந்தத் தீட்டும் குறுக்கே வரவில்லை.

நாம் கூடியிருக்கும் மேல்சித்தாமூர் தமிழ்ச் சமணர்களின் மடம் உள்ள ஊர். செஞ்சியை ஒட்டிய திருநாதர்குன்றில், 57 நாள் உண்ணாதிருந்து உயிர்விட்ட சந்திரநந்தி ஆசிரியரின் நிசீதிகைக் கல்வெட்டு உண்டு. அதே குன்றில்தான் 24 தீர்த்தங்கரர்களையும் செதுக்கினார்கள். சமணர் சாவை மறைக்கவில்லை. ஸ்பெயினில் காங்காஸ் தே ஓனிஸ் ஊரிலும் 737-இல் பெருங்கற்காலக் கற்திட்டையின் மேலேயே தேவாலயம் கட்டினார்கள்.

அரசன் அடங்கிய இடம் புனிதமாகலாம், குழி வெட்டிய கை மட்டும் ஆகாதாம். மேல்பாடிக்கும் மேல்பாதிக்கும் ஓரெழுத்துதான் வேறு. இதே விழுப்புரம் மாவட்டத்து மேல்பாதியில் திரௌபதி அம்மனைக் கும்பிட உள்ளே போன நம் மக்களை 2023-இல் தடுத்தார்கள். கடைசியில் கோயிலுக்கே சீல் வைத்தது அரசு.

மாணவத் தோழர்கள் ஒருமுறை மேல்பாடிக்குப் போய் அந்தக் கல்வெட்டைப் பார்த்துவிட்டு வாருங்கள். அடுத்த முறை யாராவது தீட்டு என்றால் அங்கிருந்தே பேச்சைத் தொடங்கலாம்.