பழைய மேசைக்கணினியும் புதிய உறுப்புக்களும்

பழுது வேறு, பழமை வேறு. துலாக்கயிறு நைந்துவிட்டதென்று கிணற்றைத் தூர்ப்பவர் எவருமிலர். கயிற்றை மாற்றி நீர் இறைப்பதே உலக வழக்கம். ஆயினும், வீட்டிலோ பாடசாலையிலோ சிறு கடையிலோ மேசைமீதிருக்கும் கணினி மெல்ல இயங்கத் தொடங்கியதும், "இதற்கு வயதாகிவிட்டது, இனிப் புதிதொன்று வாங்கவேண்டியதுதான்" என்று தீர்ப்புக் கூறுவோர் பலர். அத்தீர்ப்பு எப்பொழுதும் நீதியானதன்று. எந்த உறுப்பினாலே கணினி தளர்ந்தது என்று ஆராய்ந்து, அவ்வுறுப்பை மாற்றி, அதற்கேற்ற மென்பொருளையும் இட்டால், அது இன்னும் சில ஆண்டுகள் நன்கு உழைக்கக்கூடும். இதனையே கணினியைத் தரமுயர்த்தல் என்பர். இதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. அவ்வொழுங்கு பிறழ்ந்தால் பணம் வீணாவதோடு, பல ஆண்டுகளாகக் கணினியில் எழுதிவைத்தவையும் அழிந்துபோக நேரலாம்.

எடுத்துக்காட்டாக, 2016 ஆம் ஆண்டளவில் அலுவலகங்களுக்கெனத் தயாரிக்கப்பட்ட சிறிய மேசைக்கணினி ஒன்றை நேயர்கள் மனத்திற் கொள்ளலாம். இத்தகைய கணினிகள் அலுவலகங்களிலே கழிக்கப்பட்டு, கைமாறி, இன்று பல வீடுகளை வந்தடைந்துள்ளன. அதனுள்ளே இன்டெல் நிறுவனத்தின் ஆறாந் தலைமுறை முறைவழியாக்கி ஒன்றும், 4 கிகாபைற் நினைவகமும், 500 கிகாபைற் வன்தட்டும், விண்டோஸ் 10 என்னும் பணிசெயல் முறைமையும் இருக்கும். ஆளியை அழுத்திவிட்டுத் தேநீர் ஆற்றிக் குடித்து முடித்தபின்னரும் அதன் திரை ஆயத்தமாவதில்லை. இங்கே தளர்ந்தது எது?

இதனை அறிய, உறுப்புக்களின் தொழிலை அறிதல் வேண்டும். முறைவழியாக்கி, பாடம் படிக்கும் மாணவனைப் போன்றது. நினைவகம் அவன் புத்தகங்களை விரித்து வைக்கும் மேசை. வன்தட்டோ புத்தகங்கள் அடுக்கிய அலுமாரி. மாணவன் கெட்டிக்காரன், ஆனால் மேசை சிறிது, அலுமாரியோ அடுத்த கட்டடத்தில் இருக்கிறது. ஒவ்வொரு புத்தகத்துக்கும் எழுந்து நடந்துவிட்டு வந்தால் படிப்பு எங்ஙனம் விரையும்? மேற்கூறிய கணினியின் நிலை இதுவே. அதன் முறைவழியாக்கி கடிதம் எழுதுதல், கணக்குப் பதிதல், இணையம் பார்த்தல் முதலியவற்றுக்கு இன்றும் போதியது. காலந்தாழ்த்துவது வன்தட்டே.

வன்தட்டு என்னும் சாதனத்தை 1956 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஐ.பி.எம். நிறுவனம் முதன்முதலில் வெளியிட்டது. 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுக்கள் சுழன்ற அந்தப் பெரும்பொறி ஏறத்தாழ ஐம்பது இலட்சம் எழுத்துக்களையே கொண்டது. இன்றைய வன்தட்டு உள்ளங்கையில் அடங்கினும், தட்டுச் சுழல்வதும் அதன்மேல் ஒரு சிறு கை நகர்ந்து தேடுவதுமாகிய அடிப்படை மாறவில்லை. நிமிடத்துக்கு 7200 முறை சுழலும் தட்டு ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 8.3 மில்லிசெக்கன் எடுக்கும். வேண்டிய இடம் கையின்கீழ் வருவதற்குச் சராசரியாக அரைச் சுற்றுக் காத்திருத்தல் வேண்டும். கை நகரும் நேரத்தையுங் கூட்டினால், ஒரு தேடலுக்கு 12 மில்லிசெக்கன் அளவிற் செல்லும். ஒரு செக்கனில் எண்பது தேடல்களே இயலும் என்பது இதனாற் போதரும். கணினி விழித்தெழும்போது ஆயிரக்கணக்கான சிறு கோப்புக்களைத் தேடவேண்டியிருத்தலின், அது தூங்கி வழிவதில் வியப்பில்லை.

எஸ்.எஸ்.டி. எனப்படும் திண்மநிலைச் சேமிப்பகத்தில் சுழலும் தட்டுமில்லை, நகரும் கையுமில்லை. மின்னணுச் சில்லுகளிலேயே யாவும் பதியப்படுகின்றன. அதில் ஒரு தேடல் மில்லிசெக்கனின் பத்திலொரு பங்களவில் முடிந்துவிடும். ஆதலால், பழைய கணினியொன்றுக்கு ஓர் உறுப்பு மட்டுமே வாங்கப் பணமுண்டெனின், பெரும்பாலும் முதலில் வாங்கத்தக்கது இதுவே.

இரண்டாவதாக எண்ணத்தக்கது நினைவகம். மேசை நிறைந்துவிட்டால், கணினி சில தாள்களை எடுத்து அலுமாரியில் வைப்பதும் மீண்டும் எடுப்பதுமாகத் தடுமாறும். 4 கிகாபைற்றை 8 ஆகவோ 16 ஆகவோ உயர்த்தினால் அத்தடுமாற்றம் நீங்கும். ஆனால், எந்நினைவகமும் எக்கணினிக்கும் பொருந்தாது. டி.டி.ஆர். 3, டி.டி.ஆர். 4 என்னும் இரு வகைகளின் வெட்டுவாய்கள் வெவ்வேறிடங்களில் அமைந்தவை. ஒன்றன் இடத்தில் மற்றது புகாது. மிகச் சிறிய மேசைக்கணினிகள் சிலவற்றில் மடிக்கணினிக்குரிய குறுகிய நினைவகமே பொருந்தும். ஆகவே, பழையதைக் கழற்றி அதன்மேல் எழுதப்பட்டிருப்பதைப் பார்த்தபின்னரே கடைக்குச் செல்லுதல் நன்று.

எவ்வுறுப்பு வருந்துகின்றது என்பதைக் கணினியையே கேட்டறியலாம். விண்டோஸில் கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் என்னும் மூன்று சாவிகளையும் ஒருங்கே அழுத்தினால், முறைவழியாக்கி, நினைவகம், வன்தட்டு ஆகியவை ஒவ்வொன்றும் நூற்றுக்கு எத்தனை வீதம் உழைக்கின்றன என்பது திரையில் தோன்றும். வன்தட்டு நூறு வீதத்தில் நிற்க, முறைவழியாக்கி பத்து வீதத்திலே ஓய்ந்திருக்குமாயின், குறை எங்குளதென்று வேறொருவர் கூறவேண்டியதில்லை.

சிறிய கணினிக்குச் சில எல்லைகளும் உண்டு. அதன் பெட்டி ஒடுங்கியது. மின்வழங்கி குறைந்த வலுவுடையது. பெரும்பாலும் அந்நிறுவனத்துக்கே உரிய வடிவிலமைந்தது. பெரிய வரைகலை அட்டைகளை அதனுள் இட இயலாது. முறைவழியாக்கியை மாற்ற விரும்பினும், தாய்ப்பலகை ஏற்கும் சிலவற்றையே இடலாம். அதற்கும் மேலே செல்ல விழைவோர் தாய்ப்பலகையையும், பின் மின்வழங்கியையும், இறுதியிற் பெட்டியையுமே மாற்ற நேரும். அந்நிலையிற் புதிய கணினி வாங்குவதே சிக்கனமாகும்.

பெட்டியைத் திறக்குமுன் செய்யவேண்டியது ஒன்றுண்டு. கணினியிலுள்ள கடிதங்கள், கணக்குகள், நிழற்படங்கள், வினாத்தாள்கள் ஆகியவற்றுக்கெல்லாம் காப்புப் பிரதி எடுத்தல் வேண்டும். எழுத்துருக்களையுங்கூடப் பிரதிசெய்தல் நன்று. அதன் காரணம் பின்னர்ப் புலனாகும். யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை, செல்லரித்த ஏடுகளைத் தேடியெடுத்து, 1887 ஆம் ஆண்டிற் கலித்தொகையை அச்சேற்றினார். அச்சேறியமையாலே அந்நூல் ஓரிரு ஏடுகளின் ஆயுளை நம்பியிருக்கவேண்டிய நிலை நீங்கிற்று. கோப்புக்களுக்கும் இவ்விதி பொருந்தும். ஒரே இடத்தில் இருப்பது இல்லாததற்கு ஒப்பாகும். ஒரு பிரதியாயினும் அக்கணினிக்குப் புறம்பான ஓரிடத்தில் இருத்தல் வேண்டும். கழற்றிய வன்தட்டையும் உடனே விற்றுவிடாது, சில மாதங்களாயினும் ஈரமில்லாத இடத்திற் பேணிவைத்தல் அறிவுடைமை.

இனிக் கைவேலை. மின்கம்பியைப் பிடுங்கியபின் ஆளியை ஒருமுறை அழுத்தி, எஞ்சிய மின்னை வெளியேற்றல் வேண்டும். உடலில் தங்கும் நிலைமின் சில்லுகளுக்குக் கேடு விளைக்குமாதலால், பெட்டியின் உலோகப் பகுதியை முதலில் தொட்டுக்கொள்ளல் வேண்டும். விசிறியிற் படிந்த தூசியை அகற்றினாலே சில கணினிகள் சூடு தணிந்து விரைவு பெறும். தாய்ப்பலகையில் நாணயம் போன்றதொரு மின்கலம் இருக்கும். பெரும்பாலும் அது சி.ஆர். 2032 என்னும் 3 வோல்ற்று மின்கலமே. அது தீர்ந்துவிட்டாற் கணினியின் நாட்காட்டி பிழைபடும். நாள் பிழைபட்ட கணினியைப் பாதுகாப்பான இணையத்தளங்கள் பல உட்செல்ல விடா. சிறு தொகைக்கு வாங்கும் மின்கலத்தினால் தீரும் இக்குறையைப் பெரும்பழுதென மயங்குவோரும் உளர்.

வன்பொருள் செம்மையுற்றபின் மென்பொருளைப் பற்றி எண்ணவேண்டும். 2015 ஆம் ஆண்டு ஜூலை 29 இல் வெளிவந்த விண்டோஸ் 10 க்கு, மைக்ரோசொப்ட் நிறுவனம் அளித்துவந்த வழக்கமான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 ஆம் நாளோடு முடிவுற்றது. நீடித்த பாதுகாப்புக்கெனப் பதிவுசெய்துகொள்ளும் வீட்டுக் கணினிகளுக்கு 2026 ஒக்டோபர் 13 வரை மட்டும் பாதுகாப்புத் திருத்தங்கள் அளிக்கப்படும் என்று அந்நிறுவனம் அறிவித்தது. ஆதரவு முடிந்தமையாற் கணினி நின்றுவிடாது. ஆனால், புதிதாகக் கண்டறியப்படும் ஓட்டைகளை அடைப்பார் இலராதலின், அக்கணினியில் வங்கி அலுவல்களைச் செய்தல் கதவு தாழிடாத வீட்டில் நகை வைப்பதை ஒக்கும்.

விண்டோஸ் 11 க்கு மாறலாமே எனின், அங்கே ஒரு தடை உண்டு. அது 4 கிகாபைற் நினைவகத்தையும் 64 கிகாபைற் சேமிப்பிடத்தையும் மட்டுமன்றி, ரி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லையும் வேண்டி நிற்கின்றது. இன்டெல் முறைவழியாக்கிகளுள், ஒருசில விலக்குகள் நீங்கலாக, எட்டாந் தலைமுறையும் அதற்குப் பிந்தியவையுமே அதன் பட்டியலிலுள்ளன. ஆகவே, 2016 ஆம் ஆண்டுக் கணினி வலுவுடையதாயினும் முறைப்படி அதற்குத் தகுதிபெறாது.

அத்தகைய கணினிக்கு வேறொரு வழியுண்டு. 1991 ஆம் ஆண்டில் பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் தொடக்கிய லினக்ஸ் அதுவாகும். உபுண்டு, லினக்ஸ் மின்ற் முதலிய அதன் வடிவங்கள் விலையின்றிக் கிடைப்பவை. 2024 இல் வெளிவந்த லினக்ஸ் மின்ற் 22 க்கு 2029 வரை ஆதரவு உண்டு. யு.எஸ்.பி. நினைவுக்குச்சி ஒன்றிலே அதனைப் பதிந்து, கணினியிலுள்ள எதனையும் மாற்றாமலே சில நாள் இயக்கிப் பார்க்கலாம். அச்சுப்பொறி இயங்குகின்றதா, ஒலி வருகின்றதா என்று சோதித்தபின் முடிவு செய்யலாம். விண்டோஸில் மட்டுமே ஓடும் கணக்கு மென்பொருளை நம்பியிருக்கும் கடைக்காரருக்கு இவ்வழி பொருந்தாமற் போகலாம். கடிதமெழுதும் ஆசிரியருக்கும் இணையத்திற் கற்கும் பிள்ளைக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

தமிழிலே எழுதுவோர் தனியாகக் கருத்திற் கொள்ளவேண்டியது இன்னுமொன்றுண்டு. ஈழத்துத் தமிழர் பலர் நெடுங்காலம் பாமினி என்னும் எழுத்துருவிலேயே எழுதிவந்தனர். அம்முறையிற் கணினி பதிந்து வைப்பது ஆங்கில எழுத்துக்களையே. எழுத்துருவே அவற்றுக்குத் தமிழ் உருவம் கொடுக்கின்றது. புதிய முறைமையில் அவ்வெழுத்துரு இல்லாவிடின், ஒரு சங்கத்தின் முப்பதாண்டு அறிக்கைகளும் பொருளற்ற ஆங்கில எழுத்துக்களாகத் தோன்றும். அவை அழிந்துவிட்டனவென்று எண்ணி நீக்கிவிடுதல் பெரும் பிழை. எழுத்துருவை மீண்டும் இட்டால் அவை தமிழாகவே தோன்றும். எனினும் நிலையான பரிகாரம், பழைய முறைமை இயங்கிக்கொண்டிருக்கும்போதே அக்கோப்புக்களை ஒருங்குறிக்கு மாற்றி, மாற்றியதை ஒருவர் வாசித்துச் சரிபார்த்து வைப்பதாகும். ஒருங்குறியில் ஒவ்வொரு தமிழெழுத்துக்கும் தனக்கேயுரிய எண்கள் உள்ளமையால், கணினி மாறினும் எழுத்து மாறாது.

ஆகவே, மேசைக்கணினி தளர்ந்தவிடத்து, குறையுள்ள உறுப்பை முதலில் அறிக. எழுதியவற்றை இரண்டிடத்திற் காத்தபின் பெட்டியைத் திறக்க. உறுப்பை மாற்றியபின் அதற்கேற்ற முறைமையைத் தெரிக. செலவு எல்லை கடக்குமாயின் அவ்விடத்தில் நிறுத்துக. உறுப்பு பழுதானாற் கடையில் வேறொன்று வாங்கலாம். பிள்ளையின் முதற் கட்டுரையையும், மறைந்த தந்தையார் தட்டெழுதிய கடிதத்தையும் விற்கும் கடை எங்குமில்லை.