டி.வி.யில் சொருகும் குச்சி: கொடுத்த விலைக்குத் தகுமா?

(மும்பை செம்பூரில் நடைபெற்ற உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



போன கூட்டம் முடிந்து காபி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ஒரு மாமா என்னைப் பிடித்துக்கொண்டார். "பையன் பத்தாயிரத்துக்கு ஏதோ டி.வி. பெட்டி அனுப்பறேங்கறான். நீங்க பாங்கிலே இருந்தவர். வாங்கிக்கலாமா, வேண்டாமான்னு சொல்லுங்கோ" என்றார். பாங்கிற்கும் டி.வி. பெட்டிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். "கணக்குத்தான் சம்பந்தம்" என்றார். பக்கத்தில் இருந்த நம் காரியதரிசி இதைக் காதில் வாங்கிக்கொண்டுவிட்டார். அதன் பலன்தான் இன்றைய பேச்சு.

நான் இஞ்சினியர் இல்லை. முப்பத்துநாலு வருஷம் பாங்க் உத்தியோகம். அதில் கடைசிப் பன்னிரண்டு வருஷம் கிளை கிளையாகப் போய்க் கணக்குத் தணிக்கை செய்த பிரிவு. ஆகவே இந்தச் சாதனத்தையும் ஒரு கணக்குப் புஸ்தகமாகவே பார்க்கப் போகிறேன். ஆனால் என் வீட்டுக் கணக்கிலேயே ஒரு இனத்தை நான் எழுத மறந்தேன். அதையும் சொல்லிவிடுகிறேன்.

2022-ஆம் வருஷம் தீபாவளிக்கு என் பிள்ளை வந்திருந்தான். எங்கள் டி.வி. பழசு, படம் நன்றாகத் தெரியும், ஆனால் இண்டர்நெட் வசதி கிடையாது. அவன் விரல் நீளத்தில் ஒரு குச்சியை எடுத்து டி.வி.யின் பின்னால் எச்.டி.எம்.ஐ. துளையில் சொருகினான். கையடக்கமாக ஒரு ரிமோட். பத்து நிமிஷத்தில் டி.வி. முழுக்கப் பெட்டி பெட்டியாகப் படங்கள். "இனிமே கேபிளே வேண்டாம்பா, தண்டச் செலவு" என்றான். எனக்கும் நியாயமாகவே பட்டது. அடுத்த மாதமே கேபிளைத் துண்டிக்கச் சொல்லிவிட்டேன்.

ஸ்ட்ரீமிங் என்பது என்னவென்று இளைஞர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. என் வயசுக்காரர்களுக்காகச் சொல்கிறேன். கேபிளில் நிலையம் அனுப்புவதை, அனுப்பும் நேரத்தில் நாம் பார்க்கிறோம். இதில் நாம் கேட்டதை, கேட்ட நேரத்தில், இண்டர்நெட் வழியாகத் துண்டு துண்டாக வரவழைத்து, வர வரக் காட்டுவார்கள். நம் வீட்டு லைன் வேகமாக இருந்தால் படம் தெளிவாக இருக்கும். மெதுவாக இருந்தால் தானாகவே தெளிவைக் குறைத்துக்கொள்ளும். இந்தக் குச்சியோ பெட்டியோ ஒரு சின்னக் கம்ப்யூட்டர், அவ்வளவுதான். புது ஸ்மார்ட் டி.வி.களில் அது உள்ளேயே இருக்கிறது. அப்படிப்பட்ட டி.வி. வைத்திருப்பவர்கள் முதலில் அதில் இருப்பதை உபயோகித்துப் பார்க்கட்டும். தனியாகப் பெட்டி வாங்குவது பெரும்பாலும் இரட்டைச் செலவு.

இனி விலைக்கு வருகிறேன். 2007-இல் ஆப்பிள் டி.வி. முதன்முதலில் வந்தபோது அமெரிக்காவில் 299 டாலர். 2012 ஜூனில் கூகிள் நிறுவனம் நெக்ஸஸ் க்யூ என்று கறுப்புப் பந்து மாதிரி ஒன்றை அதே 299 டாலருக்கு அறிவித்தது. விலைக்கேற்ற வேலை அதில் இல்லை என்று பலரும் குறை சொல்லவே, கடைக்கு வருமுன்பே அதை நிறுத்திவிட்டு, முன்பதிவு செய்தவர்களுக்கு இலவசமாகக் கொடுத்துக் கணக்கை முடித்தார்கள். அடுத்த வருஷம் ஜூலையில் அதே கூகிள் க்ரோம்காஸ்ட் குச்சியைக் கொண்டுவந்தது. விலை 35 டாலர்! நம் நாட்டுக்கு அது 2014 டிசம்பரில் 2,999 ரூபாய்க்கு வந்தது. 2017-இல் அமேசானின் ஃபயர் டி.வி. ஸ்டிக் 3,999 ரூபாய்க்கு வந்தது. ஆக, முதல் வரிசையில் நின்று வாங்குகிறவர் அதிக விலை கொடுக்கிறார். ஒரு வருஷம் பொறுத்தவருக்குக் கால் விலைக்கும் குறைவாகவே கிடைத்துவிடுகிறது.

இன்னொரு விஷயம் ஆயுள். என் அப்பா வாங்கிய மர்ஃபி ரேடியோ இருபத்தைந்து வருஷம் பாடியது. ரேடியோ செய்த கம்பெனி இருந்தாலும் இல்லாவிட்டாலும் ரேடியோவுக்குக் கவலையில்லை. இந்தச் சாதனங்கள் அப்படியல்ல. எங்கோ இருக்கும் கம்பெனியின் கம்ப்யூட்டர் "சரி" என்று தலையசைத்தால்தான் நம் வீட்டில் இவை வேலை செய்யும். 2005-இல் ஸ்லிங்பாக்ஸ் என்று ஒரு பெட்டி அமெரிக்காவில் சுமார் 250 டாலருக்கு விற்றது. நம் வீட்டு டி.வி.யை வேறு ஊரில் இருந்துகொண்டே பார்க்கலாம் என்பது அதன் பெருமை. 2022 நவம்பர் 9-ஆம் தேதி அந்தக் கம்பெனி தன் சர்வர்களை நிறுத்தியது. மறுநாள் முதல், ரிப்பேர் எதுவும் இல்லாத நல்ல பெட்டிகள்கூட வேலை செய்யவில்லை. 2025 மார்ச்சில் இரண்டாம் தலைமுறை க்ரோம்காஸ்ட்கள் உலகம் முழுவதும் சில நாள் ஸ்தம்பித்தன. காரணம், உள்ளே இருந்த ஒரு டிஜிடல் சான்றிதழ் காலாவதியானதுதான். பிறகு சரி செய்தார்கள். இதனால் நான் எடுத்துக்கொண்ட பாடம்: எவ்வளவு விலை கொடுத்தாலும் நாலு வருஷத்துக்கு மேல் ஆயுளை எதிர்பார்க்கக் கூடாது. அதற்கு மேல் உழைத்தால் லாபம்.

அப்படியே கணக்குப் போட்டுப் பார்த்தேன். குச்சி 4,000 ரூபாய். நாற்பத்தெட்டு மாதத்துக்குப் பங்கிட்டால் மாதம் 83 ரூபாய். பிராட்பாண்ட் 500, அதற்கு வரி 90, ஆக 590. பிள்ளை சேர்த்துவிட்ட சந்தாக்கள் மூன்று: ஒன்றுக்கு மாதம் 499, இரண்டாவதற்கு வருஷம் 1,499, அதாவது மாதம் 125, மூன்றாவதற்கு வருஷம் 899, அதாவது மாதம் 75. மொத்தம் மாதம் 1,372 ரூபாய். நாலு வருஷத்தில் சுமார் 66,000. இதில் குச்சியின் விலை நூற்றுக்கு ஆறு ரூபாய்தான்! என் பிள்ளை அந்த ஆறு ரூபாயைப் பரிசாகக் கொடுத்தான். மீதி தொண்ணூற்றுநாலும் என் பென்ஷனிலிருந்து. நான் நிறுத்திய கேபிளோ மாதம் 350 ரூபாய்.

பேரன் பேத்திகளின் படிப்புக்காக பிராட்பாண்ட் எப்படியும் வீட்டில் இருக்கிறது என்பவர்கள் அந்த 590-ஐக் கழித்துக்கொள்ளலாம். அப்போதும் கேபிளைப்போல இரண்டு மடங்குக்கு மேல் ஆகிறது. ஆகவே "பெட்டி என்ன விலை?" என்ற கேள்வியே தப்பு. "இந்த வீட்டில் எத்தனை சந்தா கட்டப் போகிறோம், அவற்றை யார் பார்க்கப் போகிறார்கள்?" என்று கேட்க வேண்டும்.

யார் பார்க்கப் போகிறார்கள் என்று கேட்கத்தான் நான் தவறிவிட்டேன்.

என் அம்மாவுக்கு அப்போது எண்பத்தாறு வயசு. கண் பார்வை சுமார். காது ஒன்றுதான் கேட்கும். காலையில் ஜபம் முடிந்தால் பொதிகை சானல். மத்தியானம் ஒரு சீரியல். சாயங்காலம் யாராவது பாட்டு. கேபிள் ரிமோட்டில் எண்களை அமுக்கத் தெரியும். எழுத்தைப் படிக்கவே வேண்டியதில்லை, விரலுக்கே பழக்கம். புது ரிமோட்டில் எண்களே கிடையாது. ஒரு வட்டமும் நாலைந்து பொத்தான்களும்தான். எதை அமுக்கினாலும் திரையில் வேறு எதுவோ வந்து நின்றது. இரண்டு தடவை சொல்லிக் கொடுத்தேன். மூன்றாவது தடவை எனக்கே குரல் உயர்ந்துவிட்டது என்று நினைக்கிறேன். அதன்பிறகு அம்மா கேட்கவில்லை.

நாங்கள் கவனிக்கவும் இல்லை. ராத்திரி சாப்பாடு ஆனதும் நானும் என் ஆத்துக்காரியும் ஏதாவது படம் பார்ப்போம். கிட்டத்தட்ட இரண்டு மாதம் கழித்து, மார்கழியில் ஒருநாள், என் ஆத்துக்காரிதான் சொன்னாள்: "ஏன்னா, அம்மா இப்பல்லாம் டி.வி. பக்கமே வரதில்லையே, கவனிச்சேளா? நாள் முழுக்க ஜன்னல் பக்கம் நாற்காலியைப் போட்டுண்டு ஒக்காந்திருக்கா."

நான் போய்க் கேட்டேன். "கண்ணு வலிக்கறதுடா, அதான்" என்றாள். கண்ணில் ஒன்றுமில்லை என்று அதே மாதம்தான் டாக்டர் சொல்லியிருந்தார். மறுபடி கேட்டதும், "ஒவ்வொரு தரமும் ஒன்னையோ அவளையோ கூப்பிடணும். நீங்களும் எத்தனை தரம்தான் வருவேள்? போறது போ" என்றாள்.

நான் கிளைகளில் தணிக்கை செய்தபோது, எழுதாமல் விட்ட ஒரே ஒரு இனத்துக்காக எத்தனையோ மானேஜர்களை நிற்க வைத்துக் கேள்வி கேட்டிருக்கிறேன். மாதம் 350 ரூபாயைத் தண்டச் செலவு என்று வெட்டினேனே, அந்த வீட்டில் அதிக நேரம் டி.வி. பார்த்தவளே அவள்தான். அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அடுத்த வாரமே கேபிளைத் திரும்ப வாங்கினேன். பழைய ரிமோட் அம்மா கைக்குப் போயிற்று. 499 ரூபாய்ச் சந்தாவை நிறுத்தினேன், கணக்கும் நேராயிற்று. குச்சியைத் தூக்கி எறியவில்லை. அதன் ரிமோட்டில் பேசித் தேடும் பொத்தான் ஒன்று இருக்கிறது. தமிழில் சொன்னாலும் யூடியூபில் தேடித் தருகிறது. அந்தப் பொத்தானில் மட்டும் ஒரு பெரிய சிவப்புப் பொட்டை ஒட்டி வைத்தோம். "மதுரை மணி ஐயர்" என்று அம்மா சொன்னால் முதல் தடவை மதுரையைப் பற்றி ஏதாவது வரும். இரண்டாம் தடவை பாட்டு வரும். "இதுக்கும் என்னை மாதிரிக் காது மந்தம்" என்பாள். அதில் சந்தா ஒரு பைசா கிடையாது. 2020 டிசம்பரில் கொரோனா சமயத்தில் சென்னை சபாக்கள் கச்சேரிகளை இண்டர்நெட் வழியாகக் கொடுத்தது ஞாபகம் இருக்கும். நம் மாதிரி வெளியூர்க்காரர்களுக்கு இந்தச் சாதனத்தின் உண்மையான லாபம் அங்கேதான் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

ஆகவே, வாங்கலாமா என்று கேட்ட மாமாவுக்கு என் பதிலை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

டி.வி. நல்ல நிலையில் இருக்கிறது, ஆனால் இண்டர்நெட் வசதி இல்லை என்றால் நாலாயிரம் ரூபாய் அளவில் ஒரு குச்சி தாராளமாகத் தகும். பத்தாயிரம், பதினைந்தாயிரம் ரூபாய்ப் பெட்டி, பெரிய 4கே டி.வி.யும் தினம் படம் பார்க்கும் பழக்கமும் உள்ளவர்களுக்கு மட்டும். சாதாரண எச்.டி. படத்துக்கு விநாடிக்கு 5 மெகாபிட் வேகம் போதும். 4கே-க்குத்தான் 15 வேண்டும். பெரிய பிளானுக்கு மாறச் சொல்லி போன் வந்தால் அவசரப்படாதீர்கள். பிராட்பாண்ட் இல்லாமல் மொபைல் டேட்டாவில் பார்ப்பவர்கள், எச்.டி. என்றால் மணிக்கு 3 ஜி.பி. வரை ஆகும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளவும்.

குச்சியுடன் வரும் சார்ஜரையே சுவர் பிளக்கில் போடுங்கள். டி.வி.யில் இருக்கும் யூ.எஸ்.பி. துளையிலிருந்து மின்சாரம் எடுத்தால் போதாமல் அடிக்கடி அணைந்துவிடும். பாதிப் பேர் "சாதனம் கெட்டுவிட்டது" என்பது இதனால்தான்.

"எல்லாச் சானலும் இலவசம்" என்று மார்க்கெட்டில் விற்கும் பெயர் தெரியாத பெட்டிகள் வேண்டவே வேண்டாம். முறையான அங்கீகாரம் இல்லாத பெட்டிகளில் பெரிய நிறுவனங்கள் தெளிவான படத்தைத் தருவதில்லை. அதைவிட ஆபத்து, இப்படிப்பட்ட சில பெட்டிகளில் விற்கும்போதே திருட்டு மென்பொருள் இருப்பதாக 2025 ஜூனில் அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. பகிரங்கமாக எச்சரித்தது. நெட் பாங்கிங் செய்யும் அதே வீட்டு லைனில் திருடனுக்கு நாமே இடம் கொடுக்கக் கூடாது.

சந்தாப் பணம் கார்டிலிருந்து தானாகப் போகும்படி வைத்திருந்தால், ரிசர்வ் பாங்க் விதிப்படி 2021 அக்டோபர் முதல், பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பே உங்களுக்குத் தகவல் வரவேண்டும். அந்த எஸ்.எம்.எஸ்.ஸைப் படிக்காமல் அழிக்காதீர்கள். வேண்டாத சந்தாவை நிறுத்த அதுதான் சமயம்.

மாதச் செலவே கூடாது என்பவர்களுக்கு, மாடியில் ஒரு டிஷ் வைக்க இடமிருந்தால், தூர்தர்ஷனின் ஃப்ரீ டிஷ் இருக்கிறது; டிஷ், பெட்டி செலவு மட்டும்தான். பிரசார் பாரதி 2024 நவம்பரில் வேவ்ஸ் என்ற செயலியையும் கொண்டுவந்தது. 2024 ஜனவரியிலிருந்து டிடி தமிழ் என்று பெயர் மாறிய பழைய பொதிகையை அதிலும் பார்க்கலாம்.

கடைசியாக, எல்லாவற்றுக்கும் முன்னால் செய்ய வேண்டியது. வீட்டில் அதிக நேரம் டி.வி. பார்க்கிறவர் யாரோ, அவர் கையில் ரிமோட்டைக் கொடுத்து, யாரையும் கூப்பிடாமல் தனக்கு வேண்டியதை வைத்துக்கொள்ள முடிகிறதா என்று ஒரு வாரம் பாருங்கள். அதுவரை கேபிளைத் துண்டிக்காதீர்கள்.

வெளியூரில் இருக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. பெட்டி அனுப்புவது சந்தோஷம். அடுத்த தடவை வரும்போது இரண்டு நாள் பாட்டி பக்கத்தில் உட்கார்ந்து அதைப் பழக்கிவிட்டுப் போங்கள். நம் கிளை இளைஞர்களிடமும் ஒரு விண்ணப்பம்: மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தனியாக இருக்கும் மூத்த உறுப்பினர்களின் அகங்களுக்குப் போய் ரிமோட், போன் இவற்றைப் பொறுமையாகச் சொல்லிக் கொடுக்க நாலு பேர் முன்வந்தால், பெயர்களைக் குறித்துக்கொள்ளக் காரியதரிசி தயாராக இருக்கிறார். மற்ற நகரங்களின் கிளைகளும் யோசிக்கலாம்.

அம்மா போன வருஷம் ஆனி மாதம் காலமானாள். அந்தச் சிவப்புப் பொட்டை நான் இன்னும் எடுக்கவில்லை.