வலைக்கு அப்பால் நிற்கும் வீரர்



விம்பிள்டன் ஒற்றையர் பட்டத்தை 1967, 1970, 1971 ஆகிய ஆண்டுகளில் வென்றவர் அவுஸ்திரேலிய வீரர் ஜோன் நியூகோம். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்திலே, நியூ பிரவுன்பெல்ஸ் என்னும் ஊரில் அவர் பெயரால் ஒரு டென்னிஸ் பண்ணை அமைந்தது. 1988ஆம் ஆண்டில் அங்கே ஒரு புதுமையான முகாம் தொடங்கியது. ரசிகர்கள் பணஞ்செலுத்தித் தங்கினர். அணிகளாகப் பிரிந்து போட்டியிட்டனர். ஓய்வுபெற்ற வீரர்களாகிய ரோய் எமர்சன், கென் ரோஸ்வோல் முதலியோரும் அவர்களுக்குப் பயிற்சியளித்தனர்.

இது செல்வரின் பொழுதுபோக்கு என்று சிலர் நகைக்கலாம். செலவு எல்லோர்க்கும் இயலாததே. ஆயினும் ஒன்றை எண்ணிப் பாருங்கள். தம் தொழிலிலே பிறருக்கு ஆணையிட்டுப் பழகிய நடுவயதினர், தாம் இளமை முதல் வியந்து போற்றிய வீரரின் கண்ணெதிரிலேயே பந்தை வலையில் அடித்துத் தவறுகின்றனர். திருத்தப்பெற்று மீண்டும் அடிக்கின்றனர்.

பாடசாலை அதிபனாகிய எனக்கு இஃது ஒரு பாடம். பிழையைத் திருத்தும் நாம், பிழைவிட்டு நிற்பவனின் கூச்சத்தை மறந்துவிடுகிறோம். தெரியாத ஒன்றைக் கற்க ஆண்டுக்கு ஒரு முறையேனும் நாமும் மாணவராய் அமர்ந்தால், வகுப்பறையில் நம் குரல் சற்றே தணியும்.