கண்ணும் காதும் கவனிப்போம்



கோச்சடையில் எங்கள் தெருப் பெரியவர் ஒருவர் தினமும் பேப்பரை வரி விடாமல் படிப்பார். கண்ணில் புரை விழுந்தது, பேப்பர் நின்றது. காது மந்தமானது, திண்ணைப் பேச்சும் நின்றது. "வயசாயிருச்சு, மறதி" என்று வீட்டில் விட்டுவிட்டார்கள்.

மறதி நோய்க்கு, நம்மால் மாற்றக்கூடிய 14 காரணங்களை லான்செட் மருத்துவ ஆணையம் 2024-இல் பட்டியலிட்டது. சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, புகை, உடலுழைப்பின்மை, தனிமை இவற்றோடு கவனிக்காத கண்ணும் காதும் அதில் உண்டு. எல்லாவற்றையும் சரிசெய்தால் 100-க்கு 45 பேருக்கு நோயைத் தடுக்கலாம் அல்லது தள்ளிப்போடலாமாம்.

சிக்னல் வராவிட்டால் நல்ல மெஷினும் ஓடாது. மூளையும் அப்படித்தாங்க, பார்ப்பதும் கேட்பதும் குறைந்தால் அதற்கு வேலை குறைகிறது.

58 வயதில் ஓய்வுபெற்ற டாக்டர் ஜி.வெங்கடசாமி, 1976-இல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய ஊர் இது. புரையை வைத்துக்கொண்டிருக்க நமக்குச் சாக்கே கிடையாது!

வெளியூர் நண்பர்களே, அடுத்த முறை ஊருக்கு வரும்போது ஸ்வீட் பாக்ஸ் மட்டும் போதாது. அப்பா அம்மாவைக் கண், காது, பி.பி. பரிசோதனைக்குக் கூட்டிப்போங்கள். தம்பி தங்கைகளே, தாத்தா பாட்டியிடம் தினம் பத்து நிமிஷம் உட்கார்ந்து பேசுங்கள்.